பூட்டு திருப்பூரில், சாவி சென்னையில்

திருப்பூரில் ஐந்து பேர் வேலை பார்க்கும் ஜிஎஸ்டி கணக்கு ஆபீஸ் எங்களுடையது. பனியன் கம்பெனி பில் எல்லாம் மாதத்துக்கு ஒரு ஷீட்டில் ஏறும். முன்பு அது பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் அலைந்து, 'ஏப்ரல் ஃபைனல்', 'ஏப்ரல் ஃபைனல் புதுசு', 'ஏப்ரல் இதுதான்' என்று மூன்றாக நிற்கும். அந்தத் தொல்லைக்குத்தான் போன வருஷம் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியிடம் ஆவண சர்வர் வாடகைக்கு எடுத்தோம். மாதம் 850 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் திறந்து வைத்த ஃபைலில் இன்னொருவர் எழுதாமல் தடுக்கிற பூட்டு உறுதி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஷேர் ஃபோல்டரில், நாங்கள் ஷீட் போடுகிற லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருள், திறந்த ஃபைலுக்குப் பக்கத்திலேயே '.~lock' என்று தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்றைப் போட்டு வைக்கும். அது பஸ் சீட்டில் துண்டு போடுகிற கதைதான். துண்டை எடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இந்த சர்வரில் வெப்டேவ் பூட்டு, அதாவது இணையம் வழியாக ஃபைலைத் திறந்து எழுதுகிற முறையில் சர்வரே போடுகிற பூட்டு. ஃபைலைத் திறந்ததும் சர்வர் ஒரு நீளமான டோக்கன் (அடையாளக் குறியீடு) தருகிறது. சேமிக்கும்போது அதைக் காட்டினால்தான் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் 423, அதாவது 'பூட்டியிருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிடும். படிக்கத் தடையில்லை, எழுதத்தான் தடை. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் அழிக்கிற சண்டை எங்கள் ஆபீஸில் அதோடு நின்றது.

இனி அந்த 20ஆம் தேதிக்கு வருகிறேன். 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட கடைசி நாள். சாயந்திரம் ஏழு மணிக்கு கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. செல்வி அக்கா ஷீட்டைத் திறந்து வைத்திருந்தார். கரண்ட் வந்து மறுபடி திறந்தால், 'செல்வி பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்று செல்வி அக்காவுக்கே சொல்கிறது. "நான் இங்கதானே கண்ணு உக்காந்திருக்கேன்!" என்றார்.

நடந்தது இதுதான். டோக்கன் கம்ப்யூட்டரின் நினைவில் இருந்தது, கரண்டோடு அதுவும் போச்சு. 'வேலை முடிந்தது, பூட்டை எடு' என்று சர்வரிடம் சொல்ல ஆள் இல்லை. அப்படி அநாதையாகிற பூட்டுக்காகத்தான் கெடு நேரம் என்று ஒன்று உண்டு. எத்தனை நொடி வேண்டும் என்று நம் பக்கம் கேட்கலாம், முடிவு சர்வர் கையில். இவர்கள் வைத்திருந்தது 12 மணி நேரம்! கையால் திறக்கிற வசதி எங்கள் அட்மின் பக்கத்தில் கிடையாது, அவர்களிடம் மட்டும்தான். சப்போர்ட் எண்ணோ மாலை ஆறு மணியோடு சரி.

ஷீட்டை நகலெடுத்து, விட்டதையெல்லாம் மறுபடி அடித்து, 10.40க்கு ரிட்டர்ன் போட்டோம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான். ஆனால் அதைப் பார்ட்டியிடம் சொல்லி வாங்குவது யார்? மறுநாள் நகலையும் மூலத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்ததில் அரை நாள் போனது.

புகார் கொடுத்தபின் கெடுவை 15 நிமிடமாகக் குறைத்தார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஃபைல் திறந்திருக்கிற வரை லிப்ரேஆபீஸ் பூட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், ஆனால் மடிக்கணினியை மூடினால் அதுவும் தூங்கிவிடும். தம்பி ஒருவன் ஷீட்டை மூடாமல் மடிக்கணினியை மட்டும் மூடிவிட்டு சாப்பிடப் போனான். பூட்டு காலாவதியாகி, இன்னொருத்தர் திறந்து நாற்பது பில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்தவனால் சேமிக்க முடியவில்லை. அவன் ஏற்றியதை வேறு பெயரில் வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. இருந்தாலும் 12 மணி நேரத்துக்கு இது எவ்வளவோ தேவலை. சாப்பாட்டுக்கு எழுந்தால் ஷீட்டை மூடு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிரவுசரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிற வசதியும் தருகிறார்கள், தனிக் காசு. எங்கள் பெரிய ஷீட்டைப் போட்டதும் ஆமை வேகம். விட்டுவிட்டோம்.

ஐந்துக்கு மூன்று. வருஷச் சந்தா கேட்டார்கள், ஆறு மாதத்துக்குத்தான் கட்டியிருக்கிறேன். பூட்டைத் திறக்கும் பட்டன் எங்கள் பக்கத்தில் வந்தால் மீதி ஆறு மாதமும் கட்டுவேன், அதை மெயிலிலும் எழுதிவிட்டேன்.