பங்கு போட்டு வாங்குவதா, இரவலை நம்புவதா?

பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நூலகங்கள், விலை கூடிய ஒரே ஆய்வு நூலை ஆளுக்கொன்று வாங்குவது வீண் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தவிர்க்க எங்கள் நூலகங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: இந்தப் பாடத்து நூல்களை இந்த நூலகம் மட்டும் வாங்கும் என்று பாடங்களைப் பங்கு போட்டு வாங்குவது, அல்லது அவரவர் வாங்கிவிட்டு இரவல் கொடுத்துக்கொள்வது. நாங்கள் முதல் வழிக்குப் போனோம்.

இரவல் முறை எளிது. 1988-இல் டெல்லியில் தொடங்கிய, நூலகங்கள் தங்களுக்குள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் போன்ற அமைப்பில் சேர்ந்தால் போதும், யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்பது வாங்கி முடித்த பிறகுதான் பட்டியலில் ஏறும். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழிக்கும் அவசரத்தில் எல்லோரும் அதே விற்பனையாளரிடம் அதே நூலை எடுத்திருப்பார்கள்.

பங்கு போடுவது புதிதல்ல. வெளிநாட்டு நூல்களுக்காக அமெரிக்க நூலகங்கள் 1948-இல் ஃபார்மிங்டன் திட்டத்தைத் தொடங்கின. அது 1972-இல் நின்றுபோனது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் 1930-களில் செய்துகொண்ட ஏற்பாடு இன்னும் நடக்கிறது. லத்தீன் அமெரிக்க நூல்களை நாடுவாரியாகவே பிரித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஊர்கள் என்பது அவர்களுக்குப் பெரிய பலம்.

எங்கள் பேச்சுவார்த்தையில் எல்லாமே ஒரு கேள்வியில்தான் வந்து நின்றது. "வரலாறு அவங்களுக்குப் போயிட்டா என் பசங்க எங்க சார் போவாங்க?" என்று துறைத்தலைவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே போனால் உட்கார்ந்து படிக்கத்தான் விடுவார்கள் என்றால், அவர் தன் துறைக்கு இன்னொரு பிரதி கேட்டே தீருவார். ஒரே நூலை இரண்டு இடத்தில் வாங்குவது பின்வாசலால் திரும்பி வந்துவிடும். அதனால் பாடப் பட்டியலைத் தொடுவதற்கு முன்பே இரவல் விதியை எழுதினோம்: சொந்த அடையாள அட்டையைக் காட்டினால் போதும், பரிந்துரைக் கடிதம் வேண்டாம், அந்த வளாகத்து மாணவருக்கு எத்தனை நாளோ அதே நாள். அது கையெழுத்தான பிறகு பாடங்களைப் பிரிப்பதில் பெரிய சண்டை வரவில்லை. அப்புறம், பாடநூல்களைப் பங்கில் சேர்க்கவே இல்லை. தேர்வு நேரத்தில் அவை எல்லா இடத்திலும் வேண்டும்.

அச்சு நூல்களுக்கு இதை உறுதியாகச் சொல்வேன். மின்னூலில் எங்கள் அனுபவம் குறைவு. வாங்கிய நூலகத்துக்கு வெளியே பகிரக்கூடாது என்று உரிமத்தில் இருந்தால் பங்கு போட்டுப் பயனில்லை. அப்படிப்பட்ட தலைப்புகளை இப்போதைக்குத் தனித்தனியாகத்தான் வாங்குகிறோம்.