கடும் கிட்டப்பார்வையும் கும்பகோணத்து கிளாக்கோமா பிரிவும்

மைனஸ் 6-க்கு மேல் பவர், அதாவது கடும் கிட்டப்பார்வை, உள்ளவர்களுக்குப் பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது எளிதன்று. கும்பகோணத்தில் என் தங்கையை நாங்கள் காட்டிய தனியார் கண் மருத்துவமனையின் கிளாக்கோமா பிரிவு, அந்தப் பொறுப்பை உணர்ந்து நடத்தப்படுகிறது.

தங்கைக்கு மைனஸ் 9. விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனை வேறோர் ஊரில் எடுத்தபோது, அதில் நரம்பிழைப் படலம் சிவப்பாக, அதாவது இயல்பைவிட மெலிந்ததாக, வந்ததைக் காட்டி, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்குள்ள மருத்துவர் அந்தத் தாளை ஒதுக்கவில்லை. அதை மட்டும் நம்பவும் இல்லை. பொதுவாக 24 மி.மீ. அளவில் இருக்கும் கண்ணின் நீளம் தங்கைக்கு 27-ஐத் தாண்டியிருந்தது. கண் இப்படி நீளும்போது விழித்திரை இழுபட்டு மெலிவதையும், பார்வை நரம்பின் முகப்பு சாய்ந்து அதன் ஓரத்தில் வெளிறிய பிறை விழுவதையும் படத்தில் காட்டி விளக்கினார். ஸ்கேன் கருவியோ, பெரும்பாலும் இவ்வளவு பவர் இல்லாத கண்களின் அளவுகளோடு ஒப்பிட்டே நிறம் போடுகிறது. ஆகவே நோயில்லாத கண்ணும் சிவப்பாக வரலாம். ஆனால் கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு கிளாக்கோமா வரும் வாய்ப்பு கூடுதல் என்பதாலும், கண் அழுத்தம் இயல்பின் மேல் வரம்பாகக் கொள்ளப்படும் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும்போதே அது வரக்கூடும் என்பதாலும், சிவப்பை அலட்சியப்படுத்தவும் முடியாது.

கருவிழியின் தடிமனை அளந்தார்கள். கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தையும் பார்த்தார்கள். பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்த பணியாளரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். கனத்த லென்ஸின் விளிம்பே பார்வைப் பரப்பில் பொய்யான குறையைக் காட்டிவிடும் என்று சொல்லி, கான்டாக்ட் லென்ஸ் அணியவைத்துச் சோதனையை மறுபடி எடுத்தார். பிறகு சொட்டு மருந்தை மருத்துவரே நிறுத்தி, சில மாத இடைவெளியில் அதே கருவியில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தார். படலம் மேலும் மெலியவில்லை. இது கண்ணின் அமைப்பாகவே தோன்றுகிறது என்றவர், ஆண்டுதோறும் வரச் சொல்லியிருக்கிறார்.

காத்திருப்பு நீளம். மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு பகல் போய்விடும்; பாவையை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். ஸ்கேனின் அச்சுத் தாளை மட்டுமே தருகிறார்கள். பழையதோடு புதியதை ஒப்பிட்டே நோயை அறிய வேண்டியிருப்பதால், மூலக் கோப்பையும் தரும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம்.