ஏரிக்குப் படிகாரமா, காற்றுக் குழாயா?

அமெரிக்காவின் மினசோட்டா போன்ற வடக்குப் பகுதிகளில் சின்ன ஏரி பச்சையாகி மீன் செத்தால் இந்த இரண்டும்தான் பேச்சில் அடிபடும்.

செலவு: படிகாரத்துக்கு (அலுமினியம் சல்பேட்) மொத்தமாக ஒரு பெரிய தொகை. காற்றூட்டிக்கு (குழாய் வழியாகத் தண்ணீருக்குள் காற்றை அடிக்கும் கருவி) முதலில் குறைவு, அப்புறம் வருடாவருடம் கரண்ட் பில்.

எவ்வளவு காலம் தாங்கும்: ஆழமான ஏரியில் படிகாரம் 10 வருடம்கூடத் தாங்கும், சேற்றைக் கிளறும் கெண்டை இருந்தால் அவ்வளவு தாங்காது. காற்றூட்டி, ஓடும்வரைதான்.

மீன்: விஷயமே இங்கேதான். படிகாரம் வெள்ளைத் திரளாக இறங்கி, பாசிக்குத் தீனியான பாஸ்பரஸைப் பிடித்து அடியில் அமுக்கிவிடும், பாசி குறையும். ஆனால் தண்ணீர் அமிலமானால் கரையும் அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். குளிர்காலக் கதை வேறு. பனிக்கட்டி மேல் வெண்பனி மூடினால் வெளிச்சம் இறங்காது, செடிகள் ஆக்சிஜன் தராது. பாஸ் (bass) மீன் முதலில் சாகும். பைக் (pike) மீன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதற்கு உடனடி மருந்து காற்றூட்டிதான்.

சிரமம்: காற்றூட்டி பனிக்கட்டியைத் திறந்து வைக்கும். ஆள் விழலாம் என்பதால் மினசோட்டாவில் அனுமதியும் எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம்.

ஆழமும் பாசியும் உள்ள ஏரிக்குப் படிகாரம்; ஆழமில்லாமல் பனிக்காலத்தில் மீன் சாகும் ஏரிக்குக் காற்றூட்டி. வயல் உரம் இன்னும் வந்து விழுகிறதா? சரி, முதலில் அதை நிறுத்துங்கள். அதுவரை படிகாரத்தில் காசைக் கொட்ட வேண்டாம்.