பாண்டிச்சேரி பழைய வீட்டு ரெஸ்டாரண்டுகள்: மீனுக்கு முன்னால் தராசைக் கேளுங்கள்

புதுச்சேரியில் பழைய வீடுகளை ரெஸ்டாரண்டாக மாற்றியிருக்கும் இடங்களில், வார இறுதி இரவுகளில் நடக்கும் வசூலைப் பற்றிய எச்சரிக்கை இது. ஒழுங்காக நடத்துகிறவர்களும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். கடைப் பெயர் போடவில்லை. போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் இதே பில்லைக் கட்டிவிட்டு வருவோம்.

நான்கு பேர் சாப்பிட்ட ஒரு சனிக்கிழமை இரவு பில்லைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் இரண்டு 840. முழு கொடுவா மீன் கிரில் 2,160. மெயின் கோர்ஸ் மூன்று 1,560. பிரெட் பாஸ்கெட் 280. தண்ணீர் பாட்டில் இரண்டு 300. டெசர்ட் இரண்டு 660. கூட்டினால் 5,800. அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 580, ‘ஹெரிட்டேஜ் மெயின்டெனன்ஸ்’ என்று தலைக்கு 75 வீதம் 300. ஆக 6,680. இந்தத் தொகையின் மேல் சிஜிஎஸ்டி 167, எஸ்ஜிஎஸ்டி 167. மொத்தம் 7,014 ரூபாய். நியாயமாகப் பார்த்தால் 4,800-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. மீதி எங்கே போனது என்பதுதான் விஷயம்.

பெரிய ஓட்டை மீனில். மெனுவில் விலைக்குப் பதில் ‘அளவைப் பொறுத்து’ என்று போட்டிருக்கும். கேட்டால், “100 கிராம் 240 சார், காலையில வந்த கொடுவா, 900 கிராம் இருக்கும்” என்பார்கள். வாயால் சொன்ன எடைதான். தராசு மேசைக்கு வராது. பச்சை மீனும் வராது. முக்கால் மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் துண்டும் மசாலாவுமாக வெந்த மீன்தான் வரும். “900 கிராம் மாதிரி தெரியலையே” என்றால், “கழுவினா குறையும் மேடம், கிரில்ல இன்னும் குறையும்” என்று தயாராகப் பதில் இருக்கும்.

பதில் பாதி உண்மை. செதிலும் குடலும் செவுளும் போனால் எடை குறையும், நெருப்பில் நீர் வற்றி இன்னும் குறையும். ஆனால் நீளம் அப்படிக் குறையாது. வால் நுனி கருகி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போகலாம், அவ்வளவுதான். 900 கிராம் கொடுவா தலை முதல் வால் வரை சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். பெரிய டின்னர் தட்டு 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். 900 கிராம் மீனை அதில் வைத்தால் ஒரு பக்கம் தலையோ மறுபக்கம் வாலோ வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்த பில்லுக்கான மேசையில் மீன் தட்டுக்குள்ளேயே படுத்திருந்தது, சுற்றிலும் சாலட் வைக்க இடமும் இருந்தது. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் அரை கிலோ, 1,200 ரூபாய். மீனில் மட்டும் 960 ரூபாய் போயிற்று.

எடை போட்டு விற்கிற எதுவானாலும் ஆர்டர் சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள். 100 கிராம் என்ன விலை? எடை கழுவுவதற்கு முன்னாலா பின்னாலா? மீனைத் தட்டோடு கொண்டுவந்து தராசில் வைத்துக் காட்ட முடியுமா? காட்டினால் எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டிலேயே எடையை எழுதச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் விலை போட்ட அயிட்டமாகப் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது. நண்டு என்றால் கட்டின கயிறோடு எடை போட விடாதீர்கள். நனைந்த தடிக் கயிறுக்கும் நண்டு விலைதான் விழும். காலின் மேல்பகுதியை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே சதையை விடத் தண்ணீர்தான் அதிகம் இருக்கும்.

‘இன்றைய மீன்’ என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப் படகு மீன் வரும், ஆனால் குறைவாக வரும். தினமும் முப்பது மேசைக்குப் பெரிய வஞ்சிரம் தருகிறார்கள் என்றால் அது ஐஸ் பெட்டியிலிருந்தோ மேற்குக் கடற்கரையிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, புது மீன் விலை போடுவதுதான் தப்பு. வஞ்சிரத் துண்டின் தோல் வழவழப்பாக இருக்கும். செதில் எடுத்த தடம் வரிசையாகத் தெரிந்தால் அது வேறு மீன். ‘ஃபிஷ் ஃபில்லே’ என்று பெயரே இல்லாமல் மெனுவில் இருப்பது பெரும்பாலும் உறைய வைத்த பாசா, பண்ணையில் வளர்க்கும் கெளுத்தி வகை மீன். வெள்ளை வெளேர் என்று, முள்ளும் மீன் வாசனையும் இல்லாமல், முள்கரண்டி பட்டதும் நீர் விட்டுக் குழையும். 200 ரூபாய்க்கு அது சரி, 600 ரூபாய்க்கு இல்லை. ‘டைகர் பிரான்’ என்று போடுகிற இடங்களில் பல நேரம் வருவது பண்ணையில் வளர்க்கும் வனாமி என்ற வேறு வகை இறால். டைகர் இறாலில் குறுக்குப் பட்டை வெந்த பிறகும் தெரியும்.

கிரியோல் சமையல் (ஃபிரெஞ்சும் தமிழும் கலந்த பாண்டிச்சேரிச் சமையல்) என்று விற்பதிலும் ஒரு சோதனை உண்டு. பாண்டிச்சேரிக் குழம்பின் உயிர் தாளிப்பு வடகம். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, பல நாள் வெயிலில் காய வைத்தது. அது உண்மையிலேயே போட்டிருந்தால் குழம்பின் மேல் கருத்த வெங்காயத் துணுக்கும் கடுகும் மிதக்கும், கொஞ்சம் கசப்போடு ஒரு புகை வாசம் வரும். வழவழவென்று கிரீம் கலந்த ஆரஞ்சு நிறக் கிரேவி வந்தால், எல்லா மெயின் கோர்ஸுக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வெவ்வேறு பெயரில் ஆர்டர் செய்த மெயின் கோர்ஸ் மூன்றும் பத்து நிமிடத்துக்குள் ஒன்றாக வந்து நிற்பது இன்னொரு அடையாளம்.

இனி பிரெட் பாஸ்கெட். உட்கார்ந்ததும், கேட்காமலே, வெண்ணெயோடு ஒரு கூடை வரும். உபசாரம் என்று நினைத்துப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். “இது காம்ப்ளிமென்ட்ரியா?” என்று ஒரே கேள்வி. இல்லை என்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். தொட்ட பிறகு வாதம் நிற்காது. தண்ணீரிலும் இதே கதைதான். “மினரலா, ஸ்பார்க்ளிங்கா?” என்று கேட்கும்போதே சாதாரண வடிகட்டிய தண்ணீர் என்ற வழி மறைந்துவிடுகிறது. மூன்றாவது பதிலைச் சொல்லுங்கள். பாட்டில் மூடியைத் திறந்த பிறகு எம்ஆர்பி சட்டம் பேசிப் பயனில்லை. ரெஸ்டாரண்டில் பரிமாறும் பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதனால்தான் 4,800 கணக்கில் (5,800-ல் மீனின் 960-ம் பிரெட்டின் 280-ம் போக, மீதிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி) அந்த 300-ஐக் கழிக்கவில்லை.

சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. ரெஸ்டாரண்ட் சங்கங்கள் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, சங்கங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன. “கேஸ் நடக்குது சார், அதனால வாங்கலாம்” என்று கவுண்டரில் சொல்வது இதை வைத்துத்தான். மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு செல்லாமல் போய்விடாது.

‘ஹெரிட்டேஜ் மெயின்டெனன்ஸ்’ என்பது அந்த ‘வேறு பெயர்’ வகை. சுண்ணாம்புக் காரைச் சுவரையும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும் (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டியது) பராமரிக்கக் காசு அதிகம் ஆகும், மறுக்கவில்லை. அந்தச் செலவை இட்லி விலையில் சேர்க்கட்டும், மீன் விலையில் சேர்க்கட்டும். அப்போது மெனுவைப் பார்த்தே நாம் முடிவு செய்யலாம். சாப்பிட்டு முடித்த பிறகு தலையை எண்ணி வாங்குவது வேறு. (திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த பச்சைத் தமிழ் வீட்டை ‘ஃபிரெஞ்ச் வில்லா’ என்று மெனுவில் எழுதுகிறவர்களுக்கு வீட்டின் மேல் இருக்கும் அக்கறை எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.)

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. தனி ரெஸ்டாரண்ட் என்றால் 5 சதவீதம், 2.5-ம் 2.5-மாக. ஏசி இருந்தாலும் அதேதான். அந்த வீட்டிலேயே தங்கும் அறைகள் இருந்து, அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டல் என்றால் 18 சதவீதம் வரலாம். வீட்டை ஹெரிட்டேஜ் ஹோட்டலாக்கி முற்றத்தில் ரெஸ்டாரண்ட் நடத்துகிற இடங்களில் இதை முன்னமே கேளுங்கள். 6,000 ரூபாய் சாப்பாட்டில் 780 ரூபாய் வித்தியாசம். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். புதுச்சேரி என்றால் 34-ல் தொடங்கும், தமிழ்நாடு 33. அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பெயர், முகவரி, ‘ரெகுலரா’ ‘காம்போசிஷனா’ என்பது வந்துவிடும். காம்போசிஷன் (சிறு வியாபாரிகள் தங்கள் விற்றுமுதலில் ஒரு சதவீதக் கணக்கில் வரி கட்டும் திட்டம்) என்றால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. பீர், ஒயினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் மட்டும்தான். மதுவையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கூட்டி அதன்மேல் 5 சதவீதம் போட்ட பில்லைத் திருப்பிக் கொடுங்கள்.

முன்பதிவிலும் ஏமாற்று நடக்கிறது, அதில் ரெஸ்டாரண்டுக்கே தொடர்பில்லாமலும் இருக்கலாம். மேப்பில் இருக்கும் போன் நம்பரை மோசடிக்காரர்கள் மாற்றிவிடுவதுண்டு. “டேபிள் கன்ஃபர்ம் பண்ண 10 ரூபாய் போடுங்க” என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். முன்பணம் கேட்டால் க்யூஆர் யார் பெயரில் திறக்கிறது என்று பாருங்கள். தனிநபர் பெயர் என்றால் நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். உண்மையான முன்பணம் என்றாலும், பில்லில் கழியுமா, மழை வந்தால் உள்ளே இடம் உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். முற்றத்து மேசைக்கும் மொட்டைமாடிக்கும் ‘மினிமம் பில்’ வைக்கிறவர்கள், ஐப்பசி மழையில் உங்களைத் தாழ்வார ஓரத்தில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு அதே மினிமத்தைக் கேட்பார்கள். இந்த வீடுகளில் கிச்சன் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், குறுகலாக இருக்கும். மேசை நிறைந்த அளவுக்கு அடுப்பு இருக்காது. எட்டரை மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தால் ஆறிப்போன சாப்பாட்டுக்கு முழு விலை. ஏழு மணிக்குக் கீழே உட்காருங்கள்.

பில் வந்ததும் சண்டை வேண்டாம். “சர்வீஸ் சார்ஜையும் மெயின்டெனன்ஸையும் எடுத்துட்டு, ஜிஎஸ்டியைத் திருத்தி வேற பில் குடுங்க” என்று மேனேஜரிடம் ஒரே வாக்கியம். பல இடங்களில் அத்தோடு வேலை முடியும், அவர்களுக்கும் சட்டம் தெரியும். மறுத்தால் அங்கேயே 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டித்தான் ஆக வேண்டிய நிலை என்றால் பில்லில் ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, ரொக்கமாக இல்லாமல் கார்டிலோ யுபிஐ-யிலோ கட்டுங்கள். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2022 ஜனவரி முதல் அது கட்டாயம்; கெட்டுப்போன மீனுக்குப் புகார் கொடுக்க அந்த எண் வேண்டும்.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. சென்னைக்காரர் பாண்டிச்சேரியில் ஏமாந்திருந்தாலும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். தெர்மல் தாளில் அடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.