தையல் தொழிலுக்குக் கடன்: சுய உதவிக் குழுவா, மைக்ரோ ஃபைனான்ஸா?

வீட்டு முன்னறையில் இரண்டு இயந்திரங்களோடு தைத்துக்கொண்டிருக்கும் பெண் அதை நான்காக்க விரும்பினால், அடமானம் இல்லாத கடனுக்கு மூன்று வழிகள் உண்டு. 2015இல் தொடங்கிய முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம், தொழிலுக்கான கணக்கு வழக்கைத் தம் பெயரில் முறையாகக் காட்ட முடிந்தவர்களுக்கு ஏற்றது; அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற இரண்டான சுய உதவிக் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனக் கடன் ஆகியவற்றில் நான் எடுத்தது குழுக் கடன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

வட்டியில் போட்டியே இல்லை. மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காட்டில் வங்கிக் கடன் கிடைக்கிறது. மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களிலோ 20 விழுக்காட்டுக்கு மேல் என்பதே வழக்கம். வேகத்தில் நிறுவனங்களே முந்துகின்றன. குழுவோ, குறைந்தது ஆறு மாதம் சேமித்து, கூட்டம் நடத்தி, புத்தகம் எழுதி, வங்கியின் தரமதிப்பீட்டில் தேற வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது தவணைதான். தையலில் வருமானம் சீராக வருவதில்லை. ஜூனில் பள்ளிச் சீருடையும் தீபாவளிக்கு முன் புதுத்துணியும் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ரவிக்கைகள் வராது. நிறுவனக் கடனிலோ இயந்திரம் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடுவதால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே ஒதுக்கிவைக்க நேர்கிறது. கொல்கத்தாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்துக் கட்டிய பெண்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள்; ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் வார லாபம் 41 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கடனைத் திருப்பிக் கட்டத் தவறுவதும் அவர்களிடையே கூடியது என்பதால், நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குவதை வெறும் கெடுபிடி என்று சொல்லிவிட முடியாது.

குழுவில் வங்கிக்குக் கடன்பட்டது குழு; உறுப்பினர் கட்டுவது குழுவுக்கு. சேமிப்பும், உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் உள்கடனின் வட்டியும் சேர்ந்த பொதுநிதி இடையில் இருப்பதால், ஒருவர் குறைத்துக் கட்டும் மாதத்திலும் வங்கித் தவணை தவறுவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நான் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று எங்கள் குழு தீர்மானம் எழுதியது. நிறுவனத்தின் கூட்டுப்பொறுப்புக் குழுவில் அந்தக் குறையை உடன் இருப்பவர்கள் அன்றைக்கே தங்கள் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். தெருவில் முகம் பார்த்துப் பேசுவது அதோடு நின்றுபோகவும் கூடும். ஆனால் குழுவின் இந்த நெகிழ்வு புத்தகம் ஒழுங்காக உள்ள இடத்தில்தான் நடக்கும். வரவு செலவு முழுவதும் குழுவை நடத்தும் ஊக்குநர் ஒருவரிடமே முடங்கிக் கிடக்கும் குழுவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் பணம் அடிக்கடி கைக்கு வருவதால் நிறுவனக் கடனின் வாரத் தவணை பாரமாக இல்லாமலும் போகலாம். அந்தத் தொழிலில் எனக்கு அனுபவம் இல்லை. குழு அமைய ஆறு மாதம் காத்திருக்க இயலாதவர், தீபாவளித் துணிக்கு மட்டும் நிறுவனக் கடன் வாங்கி, பண்டிகைக் கூலி வந்ததும் முழுவதையும் அடைத்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நுண்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிக்கக் கூடாது.