கடைவாய்ப் பல்லில் காம்போசிட் அடைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இருந்த சொத்தையை, பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற பிசின் பொருளால் அடைத்துத் தருவதாகச் சொன்னார் ஒரு பல் மருத்துவர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் அந்த இடுக்கில் போய்ச் சிக்கியது. ஈறு வீங்கியது, கடித்தால் சுரீரென்று வலித்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். "போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். அடைப்பு பக்கத்துப் பல்லைத் தொடவே இல்லை. ஈறோரம் பொருள் பிதுங்கி நின்றது, அதன் அடியில் கருப்பாக ஓர் இடைவெளி.

காம்போசிட் நீல விளக்கில் இறுகும்போது சுமார் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும். அதனால்தான் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக இறுக்குவார்கள். கனமாக வைப்பதற்கென்றே வரும் பல்க் ஃபில் வகை என்றால் 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கலாம். எனக்கோ ஆழமான குழி முழுவதையும் ஒரே உருண்டையாக அடைத்து, விளக்கை ஒரே முறை காட்டினார்கள்.

அதைவிட மோசம், பசை ஒட்டுவதற்காகப் பல்லில் முதலில் தடவும் ஆசிட் ஜெல்லைக் கழுவியதும் "துப்பிக்கோங்க" என்றது. அந்த நேரத்தில் எச்சில் பட்டால் பசை பல்லில் சரியாக ஒட்டாது. ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டி அந்தப் பல்லைத் தனியாகப் பிரித்துச் செய்வதுதான் நல்லது. பஞ்சு வைத்தாலும் அடிக்கடி மாற்றி, எச்சிலை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த இடுக்கு. வெள்ளி அடைப்பை அழுத்தித் திணித்தால் அது, பல்லைச் சுற்றி வைத்திருக்கும் தகட்டைப் பக்கத்துப் பல்லோடு நெருக்கிவிடும். காம்போசிட் அப்படி நெருக்காது. வளைந்த சிறு தகடு, பல் இடுக்கில் செருகும் ஆப்பு, பற்களைச் சற்று விலக்கும் வளையம் எல்லாம் வேண்டும். இரண்டாவது மருத்துவர் பழையதை எடுத்துவிட்டு இப்படித்தான் செய்தார். வளையம் நெருக்கியது, பொறுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் ஃப்ளாஸ் நூலை விட்டுப் பார்த்தார்; டக்கென்று இறுக்கமாக இறங்கியது.

நாற்காலியை விட்டு எழும் முன் இந்த நூல் சோதனையைக் கேளுங்கள். கார்பன் தாளைக் கடிக்கவைத்து அடைப்பின் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள். மரத்த வாயில் கடி சரியாகத் தெரியாது, மறுநாள் உயரமாகப் பட்டால் உடனே மருத்துவரிடம் போய்த் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். சில நாள் லேசான கூச்சம் இருப்பது சகஜம். ஆனால் உணவு சிக்குவது தானாகச் சரியாகாது. விட்டால் அதே இடத்தில் மறுபடி சொத்தை வரலாம்.