வியட்நாம் குழுச் சுற்றுலா: கட்டணத்தில் சேராத ஒரு வேளைச் சாப்பாடு

எங்கள் வீட்டில் நான்கு பேர். நானும் மனைவியும் சைவம். கல்லூரியில் படிக்கும் மகள் முட்டை சாப்பிடுவாள். எழுபதை நெருங்கும் அம்மாவுக்கு வெங்காயம், பூண்டு கூட ஆகாத நாள்கள் மாதத்தில் நான்கைந்து உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்தில் வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சு எழுந்தால், அங்கே என்ன பார்க்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், என்ன சாப்பிடலாம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூலம் சென்று வந்த ஏழு நாள் வியட்நாம் பயணத்தை, அந்த ஒரே கோணத்திலிருந்துதான் இங்கே மதிப்பிடுகிறேன். தங்குமிடம், உள்நாட்டு விமானங்கள், வழிகாட்டியின் பொறுமை ஆகியவற்றில் எங்களுக்குக் குறை ஏதுமில்லை.

முதலில் ஆசைப்பட்டது ஜப்பானுக்கு. ஆனால் அந்நாட்டில் சூப்பு, நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று பலவற்றுக்கும் அடிப்படையாக ஊற்றப்படும் ‘தாஷி’ என்ற சாறு, பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சீவல்களைக் கொதிக்க வைத்து எடுக்கப்படுவது. தட்டில் இருப்பது வெறும் கத்தரிக்காயாகத் தெரிந்தாலும் அது மீன் சாற்றில் ஊறியிருக்கும். கண்ணால் பார்த்து ஒதுக்க வழியில்லை. கோயாசான் மலையிலுள்ள பௌத்த மடங்களில் தங்குவோருக்கு ‘ஷோஜின் ரியோரி’ என்னும் முழுச் சைவ விருந்து உண்டு என்று படித்தேன். ஏழு நாளும் மடத்திலேயே தங்குவதற்கு மகள் சம்மதிக்கவில்லை. தாய்லாந்து அடுத்து வந்தது. அங்கே மீன் சாறும் இறால் விழுதும் பச்சை மிளகாய்க் குழம்பு வரைக்கும் நுழைந்திருக்கும் என்பதால் அதையும் தள்ளி வைத்தோம். கடைசியில் வியட்நாமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சுற்றுலா நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தவர் அடித்துச் சொன்ன ஒரு வாக்கியம்தான்: “எல்லா ஊர்லயும் இந்திய ரெஸ்டாரன்ட் இருக்கு சார், மதியமும் ராத்திரியும் நம்ம சாப்பாடுதான், கவலையே வேண்டாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஹனோயில் இறங்கிய அன்று மதியம் பன்னீர் பட்டர் மசாலா, மஞ்சள் பருப்பு, சீரகச் சாதம், நாண். இரவு அதே நான்கும், கூடவே ஒரு குலாப் ஜாமூன். டா நாங் நகரத்திலும் அதே வரிசை, அதே எண்ணெய். “நம்ம சாப்பாடு” என்று அவர் சொன்னதற்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று நாங்கள் பொருள் கொண்டது எங்கள் தவறாகவே இருக்கட்டும். ஆனால் அந்த உணவகங்களுக்குப் போய் வரவே ஒவ்வொரு நாளும் பேருந்தில் ஒரு மணி நேரம் கழிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ஹாலோங் விரிகுடாவில் படகுப் பயணத்தன்று அந்த ஏற்பாடும் இல்லை. சுண்ணாம்புக்கல் குன்றுகள் இருபுறமும் கடலிலிருந்து எழுந்து நிற்க, சைவர்களின் மேசைக்கு வெறுஞ்சோறும் வெள்ளரித் துண்டுகளும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. அம்மா கைப்பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்தார். அடுத்த மேசையிலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

டா நாங் ஹோட்டலில் காலை உணவின்போது நடந்தது இதைவிட முக்கியமானது. நம் ஊரில் வள்ளைக்கீரை என்று சொல்லும் கீரையை அவர்கள் தண்டோடு வதக்கி வைத்திருந்தார்கள். பரிமாறும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் “இறைச்சி இல்லையே?” என்று கேட்டதற்கு அவர் சிரித்த முகத்தோடு “இல்லை” என்றார். உண்மையான பதில்தான். வாயருகே கொண்டுபோன பிறகே வாடை தெரிந்தது. நெத்திலியையும் உப்பையும் பீப்பாயில் அடுக்கி ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடிக்கும் ‘நுவோக் மம்’ என்ற மீன் சாறு அதில் சேர்ந்திருந்தது. நம் சமையலில் உப்பு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. யாரும் அதை இறைச்சியாக எண்ணுவதில்லை. ஆக, நான் கேட்ட கேள்வியே பிழை.

சரியான கேள்வியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஹுவே நகரம். 1802 முதல் 1945 வரை ங்குயென் அரச மரபின் தலைநகராக இருந்த ஊர். வாசனை ஆறு என்று பெயர் பெற்ற ஆற்றின் இரு கரையிலும் பௌத்த விகாரைகள் நிறைந்தது. டா நாங்கிலிருந்து ஒரு பகலுக்கு மட்டும் எங்களை அங்கே அழைத்துச் சென்றார்கள். பயணத் திட்டத்தில் அன்றைய மதிய உணவுக்கு நேரே “சொந்தச் செலவில்” என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துப் புறப்படும் முன்பே நான் சலித்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி எங்களை ஓரமாக அழைத்து, “இன்று பௌர்ணமி, உங்களுக்கு யோகம்” என்றார். வியட்நாமிய பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் உண்பதில்லை. அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாள்கள். அந்த விரத உணவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சாய்’. நாம் தேநீருக்கு வட இந்தியாவில் கேட்கும் அதே சொல்லைப் போல ஒலிக்கும். கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் உள்ளே இறைச்சியும் இல்லை, மீன் சாறும் இல்லை, பொதுவாக முட்டையும் இல்லை. மடத்து முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் வெங்காயம், பூண்டையும் விலக்குவார்களாம். இதைக் கேட்டதும் அம்மாவின் நடையில் வேகம் கூடியது.

சந்துக்குள் இருந்த அந்தக் கடையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலிகள், துருவேறாத எஃகு மேசைகள், இடத்துக்காகக் காத்து நின்ற உள்ளூர்க் கூட்டம். வெளிநாட்டவர் நாங்கள் மட்டுமே. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வரிசையாக இருந்த பதார்த்தங்களைச் சுட்டிக் காட்டினால் சோற்றின் மேல் எடுத்து வைத்தார்கள். எனக்கு எலுமிச்சைப்புல் மணத்தோடு சிவப்பாக மிதந்த நூடுல்ஸ் சூப்பு. மாட்டிறைச்சியில் செய்யப்படும் ஹுவே நகரத்துப் புகழ்பெற்ற உணவின் விரத வடிவம் அது. மனைவிக்கு வந்தது பலாமூசு! வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் காரமான ஓர் இலையும் சேர்த்துப் பிசறியிருந்தார்கள். அதை அள்ளித் தின்ன எள் தூவிய பெரிய அரிசி அப்பளம். அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, தேங்காய் மட்டும் போட்டிருந்தால் தன் பிறந்த வீட்டுப் பொரியல்தான் என்றார்.

அதே அம்மாவைத் திகைக்க வைத்த ஒன்றும் அங்கே இருந்தது. சோயாப்பால் ஏட்டை மடித்து, அதன் மேல் கடற்பாசித் தாளைத் தோல்போல ஒட்டிப் பொரித்த ‘மீன்’. வாலும் இருந்தது. முழுக்க முழுக்கச் சைவம் என்று வழிகாட்டி எவ்வளவு சொல்லியும், “உருவம் மீனாக இருக்கிறதே” என்று அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். விரதத்தன்று விலக்கியதன் உருவத்தையே செய்து உண்ணும் வழக்கம் எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது, ஆனால் மகளுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. இரண்டு துண்டு தின்றாள். நால்வருக்கும் சேர்த்து 1,60,000 டாங், நம் பணத்தில் ஏறக்குறைய 530 ரூபாய்.

இந்திய உணவகங்களின் எண்ணிக்கையை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுத்த எங்கள் அளவுகோல் எவ்வளவு மேலோட்டமானது என்பது அங்கேதான் விளங்கியது. நம் உணவு ஒழுக்கத்துக்கு உள்ளூர் மொழியில் ஒரு சொல்லும், அதைக் கடைப்பிடிக்கும் உள்ளூர் மக்களும் இருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தாய்லாந்தையும் அவசரப்பட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறோம்: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதிய கடைகளில் புலாலோடு பூண்டு, வெங்காயமும் கிடையாது. ஹுவேக்குப் பிறகு மீதியிருந்த இரண்டு நாள்களும் குழுவினர் பன்னீருக்குப் போனபோது, நாங்கள் “தோய் அன் சாய்”, அதாவது நான் விரத உணவு உண்பவன், என்று சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகச் சாப்பிட்டோம். நாங்கள் உண்ணாத உணவுகளுக்கான தொகையை நிறுவனம் திருப்பித் தரவில்லை; விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறதாம்.

ஆகவே அந்த நிறுவனத்தின் பயண ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கும், உணவு ஏற்பாட்டுக்கு ஒன்றரையும் தருகிறேன். காலை உணவு மட்டும் சேர்ந்த கட்டணமும் அவர்களிடம் உண்டு என்பதைத் திரும்பி வந்த பிறகே அறிந்தோம். சைவர்கள் துணிந்து அதைக் கேட்டு வாங்கலாம். பெருங்குழுவில், இந்திய உணவைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்பவர்களுக்கு இப்போதுள்ள ஏற்பாடே போதும்.

அடுத்த பயணம் தாய்லாந்தின் ஃபூகெட் தீவுக்கு என்று மகள் முடிவு செய்திருக்கிறாள். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒன்பது நாள் அங்கே நடைபெறும் சைவ உணவுத் திருவிழாவில் ஊரெங்கும் ‘ஜே’ கொடிதான், அலகு குத்துவதும் உண்டு என்று படித்ததும் அம்மாவுக்கும் ஆர்வம் பிறந்தது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலான ஆண்டுகளில் அது நவராத்திரியோடு சேர்ந்து வருகிறது. கொலுவை வைத்துவிட்டு யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.